ஹபோன்: ஓர் ஆற்றங்கரை ஊரில் திரண்டு நிற்கும் அரிய ஸ்பானியக் குடும்பப்பெயர்

ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் நாட்டு மக்களின் குடும்பப்பெயர்களையெல்லாம் தொகுத்து, எந்தப் பெயரை எத்தனை பேர் தாங்குகிறார்கள், எந்த மாகாணத்தில் அவர்கள் மிகுதியாக வாழ்கிறார்கள் என்பதை எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. 'கார்சியா' என்று தேடினால் வரைபடம் முழுவதும் நிறம் ஏறிவிடும். 'ஹபோன்' என்று தேடினால் பெரும்பாலான மாகாணங்கள் வெளிறிக் கிடக்க, தெற்கே செவியா மாகாணம் மட்டும் அழுத்தமான நிறத்தில் தெரியும். அந்த மாகாணத்துக்குள்ளும் இப்பெயருக்கு உரிய ஊர் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். அது செவியா நகருக்குச் சற்றுத் தெற்கே, குவாதல்கிவீர் ஆற்றின் வலக்கரையில் உள்ள கோரியா டெல் ரியோ. ஏறத்தாழ 30,000 பேர் வாழும் அவ்வூரில் 600 முதல் 700 பேர் வரை ஹபோன்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஸ்பானிய மொழியில் 'ஹபோன்' என்றால் ஜப்பான்.

ஐரோப்பாவின் மறுகோடியில், மீன்பிடித்தும் வயலில் உழைத்தும் வாழ்ந்துவந்த ஓர் ஊரில், ஜப்பானின் பெயர் எப்படிக் குடும்பப்பெயராயிற்று? இதற்கு விடை தேடும்போது, குடும்பப்பெயர் ஒன்றின் தோற்றத்தை ஆய்வாளர்கள் எவ்வழியில் அணுகுகிறார்கள் என்பதும் கூடவே விளங்கும். பெயர் எந்த வகையைச் சேர்ந்தது, பழைய ஏடுகளில் அது எப்போது தலைகாட்டுகிறது, இன்று அது எங்கெங்கே பரவியிருக்கிறது ஆகிய மூன்றையும் அவர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது ஆபத்தானது.

வகையைப் பொறுத்தவரை அதிகக் குழப்பமில்லை. ஸ்பானியக் குடும்பப்பெயர்களில் பெரும்பகுதி தந்தையின் பெயரிலிருந்து வந்தவை. பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ் ஆனது அப்படித்தான். கொல்லனைக் குறிக்கும் எர்ரேரோ போன்ற தொழிற்பெயர்களும், மெலிந்தவன் என்று பொருள்படும் தெல்காதோ போன்ற பட்டப்பெயர்களும் உண்டு. இன்னொரு பெருங்கூட்டம் ஊர்ப்பெயராலும் நாட்டுப்பெயராலும் அமைந்தது. தொலேதோ, செவியா, நவார்ரோ, காய்யேகோ ஆகியவை இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. ஊர்ப்பெயரால் ஒருவரை அழைப்பது பெரும்பாலும் அவர் அந்த ஊரை விட்டு வெளியேறிய பிறகே நடக்கிறது. தொலேதோ நகரில் எல்லாருமே தொலேதோக்காரர்கள்தாம் என்பதால், அங்கே அப்பெயரால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடியாது; வேற்றூரில்தான் அது அடையாளமாகும். இந்த விதிப்படி, ஹபோன் என்ற பெயர் ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்டதாக இருக்க வழியில்லை. ஜப்பானியர் எவரும் தம்மை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. அது ஸ்பெயினில், அக்கம்பக்கத்தார் வாயில் பிறந்த பெயராகத்தான் இருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஸ்பானியத்தில் நாட்டை மட்டுமல்லாமல் அந்நாட்டு மனிதரையும் 'ஹபோன்' என்றே குறித்தார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் அந்த ஊருக்கு ஜப்பானியர்கள் வந்தார்களா என்பது அடுத்த கேள்வி. வந்தார்கள், அதற்கு வலுவான ஆவணங்கள் இருக்கின்றன.

வடகிழக்கு ஜப்பானில் செண்டாய் பகுதியை ஆண்ட தாதே மசமுனே என்ற பிரபு, ஸ்பானியப் பேரரசின் பகுதியாக இருந்த மெக்சிகோவுடன் நேரடி வணிகத் தொடர்பை விரும்பினார். செவியாவில் பிறந்த லூயிஸ் சொத்தேலோ என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி அப்போது ஜப்பானில் சமயப்பணி செய்துவந்தார். அங்கே தம் சபையின் செல்வாக்கைப் பெருக்கிக்கொள்ள அவர் விரும்பினார். இருவர் விருப்பமும் சேர்ந்து ஒரு தூதுக்குழுவாக உருவெடுத்தது. மசமுனேயின் சாமுராய்களில் ஒருவரான ஹசெகுரா சுனெனாகா தலைமை தாங்க, சொத்தேலோ வழிகாட்ட, ஜப்பானிலேயே கட்டப்பட்ட சான் ஹுவான் பவுதிஸ்தா என்ற கப்பல் 1613 அக்டோபர் 28 அன்று சுகினோரா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அதில் ஏறத்தாழ 180 பேர் இருந்தார்கள். சாமுராய்கள் மட்டுமல்லர், வணிகர்கள், மாலுமிகள், பணியாட்கள், ஸ்பானியர்கள் எனப் பலதரப்பட்ட கூட்டம் அது. பசிபிக்கைக் கடந்து 1614 ஜனவரியில் மெக்சிகோவின் அகபுல்கோவை அடைந்த பிறகு பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட, முப்பது பேர் அளவிலான குழு ஒன்று மட்டும் தரைவழியாக மெக்சிகோவின் கிழக்குக் கரைக்குச் சென்று, அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தது.

அந்தக் குழு 1614 அக்டோபர் 5 அன்று குவாதல்கிவீர் ஆறு கடலோடு கலக்கும் சான்லூக்கர் தே பர்ரமேதாவில் கரையிறங்கியது. செவியா அக்காலத்தில் அமெரிக்க வணிகம் முழுவதையும் தன் கையில் வைத்திருந்த துறைமுகம். ஆனால் அது கடற்கரையில் இல்லை, ஆற்றின் மேல்பகுதியில், உள்நாட்டில் இருந்தது. கடலிலிருந்து வருபவர்கள் ஆற்றில் எதிர்த்து ஏறி வர வேண்டும். அப்படி வரும்போது செவியாவுக்குச் சற்று முன்னதாக எதிர்ப்படும் ஊர் கோரியா. நகரத்தார் வரவேற்புக்கு ஏற்பாடு செய்து முடிக்கும்வரை தூதுக்குழு அங்கேதான் சில நாட்கள் தங்கியிருந்தது. பிறகு செவியாவுக்குள் நுழைந்து, மசமுனே அந்நகருக்கு எழுதிய கடிதத்தை ஒப்படைத்தது. அந்தக் கடிதம் செவியா நகராட்சி ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. இப்பயணம் தொடர்பாக ஜப்பானிலும் ஸ்பெயினிலும் உள்ள ஆவணங்களை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1615 ஜனவரியில் ஹசெகுரா மத்ரித்தில் மன்னர் மூன்றாம் பிலிப்பைச் சந்தித்தார். பிப்ரவரியில் திருமுழுக்குப் பெற்று பெலிப்பே பிரான்சிஸ்கோ ஆனார். நவம்பரில் ரோமில் திருத்தந்தை ஐந்தாம் பவுலைக் கண்டார். ஆனால் இவர்கள் வழியில் இருந்தபோதே ஜப்பானில் நிலைமை தலைகீழாகிவிட்டது. 1614இல் தொக்குகாவா ஆட்சி கிறித்தவத்தைத் தடை செய்தது. அந்தச் செய்தி ஐரோப்பாவை எட்ட எட்ட, தூதுக்குழுவின் மதிப்பு சரிந்தது. வணிக ஒப்பந்தம் கிடைக்கவில்லை. விருந்தினர் செலவைச் சுமந்த ஸ்பானிய அதிகாரிகள் இவர்களை விரைவில் கப்பலேற்றிவிட அவசரம் காட்டினார்கள். குழுவில் ஒரு பகுதியினர் 1616இலேயே திரும்பினர். ஹசெகுராவும் எஞ்சிய சிலரும் செவியாவை அடுத்த எஸ்பர்த்தினாஸ் ஊரிலுள்ள லொரேத்தோ மடத்தில் தங்கி மன்னரின் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு, 1617இல் வெறுங்கையோடு புறப்பட்டார்கள். ஹசெகுரா 1620இல் நாடு திரும்பி 1622இல் இறந்தார். ரகசியமாக ஜப்பானுக்குள் நுழைந்த சொத்தேலோ 1624இல் உயிரோடு எரிக்கப்பட்டார்.

வந்தவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. ஏன் என்பதை ஊகிப்பது கடினமன்று: பயணத்தின்போது திருமுழுக்குப் பெற்ற ஒருவருக்கு, கிறித்தவர்களைத் தேடித் தண்டிக்கும் தாயகம் பாதுகாப்பான இடமாகத் தோன்றியிருக்காது. தங்கியவர்களின் வாழ்வு எல்லாருக்கும் இனிதாக அமைந்ததென்றும் சொல்வதற்கில்லை. ஹசெகுராவின் காவலர்களில் ஒருவர் தோமாஸ் என்ற கிறித்தவப் பெயருடன் எக்ஸ்திரெமதூராவிலுள்ள சாப்ரா ஊரில் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கூலி கேட்டபோது எசமானர் அவருக்கு அடிமைக்குறி சுட்டுவிட்டார். தம்மை விடுவித்து நாடு திரும்ப அனுமதிக்க வேண்டும் என்று அவர் 1622இல் மனுக் கொடுத்தார். சாமுராய்கள் ஆற்றங்கரையில் இளைப்பாறி உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் இனிக்க இனிக்கச் சொல்லும் கதைக்கு அருகில் இந்த மனுவையும் வைத்துப் படிப்பது நல்லது.

இப்போது ஏடுகளுக்கு வருவோம். கத்தோலிக்க நாடுகளில் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு முதன்மையான கருவூலம் பங்குக்கோவில் பதிவேடுகள். 1563இல் முடிவுற்ற திரெந்து பொதுச்சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பேரவை திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிவது கட்டாயம் என்றது. கோரியாவின் சாந்தா மரியா தே லா எஸ்திரெய்யா கோவிலும் அவ்வாறே பதிவேடுகளை வைத்திருந்தது. எனினும் மிகத் தேவையான காலப்பகுதியில், அதாவது தூதுக்குழு வந்துபோனதை அடுத்த பத்தாண்டுகளில், திருமுழுக்கு ஏடுகளில் பெரும் இடைவெளி விழுந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஏடுகளைத் திறந்தால் ஹபோன்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். பெற்றோராகவும் பிள்ளைகளாகவும், எவ்வித விளக்கமும் இன்றி, மற்ற ஊர்க்காரர்களைப் போலவே பதிவாகியிருக்கிறார்கள். தூதுக்குழு ஒரு முனை, இந்த ஏடுகள் மறுமுனை. இரண்டையும் இணைக்கும் தாள் கையில் இல்லை. ஆயினும் காலம் பொருந்துகிறது, இடம் பொருந்துகிறது, பெயர் வேறெந்தப் பொருளையும் எளிதில் ஏற்காது. அதனால் ஸ்பெயினிலுள்ள ஹபோன்களின் தோற்றத்துக்கு ஹசெகுரா குழுவே மிக நம்பத்தக்க விளக்கம் என்று ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இன்றைய ஹபோன் ஒவ்வொருவரும் சாமுராய் வழிவந்தவர் என்பது வேறு கூற்று. அதை ஏற்பதற்கு முன் ஸ்பானியர்கள் பெயர் வைத்துக்கொள்ளும் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பானியருக்குக் குடும்பப்பெயர் இரண்டு. வழக்கமாக முதலாவது தந்தையின் முதல் குடும்பப்பெயர், இரண்டாவது தாயின் முதல் குடும்பப்பெயர். திருமணமான பெண் கணவன் பெயரை ஏற்பதில்லை. இதனால் ஹபோன் என்பது சிலருக்கு முதலாவதாகவும் சிலருக்கு இரண்டாவதாகவும் வரும். 1990களில் ஸ்பானிய முதல்நிலைக் கால்பந்துப் போட்டிகளை நடத்திய நடுவர் ஒருவர் ஹபோன் செவியா. ஸ்பெயினில் அப்போது நடுவர்களை இரண்டு குடும்பப்பெயராலும் அழைப்பது வழக்கமாக இருந்ததால், ஓர் உலகப் பயணத்தின் தொடக்கமும் முடிவும் போன்ற அந்தப் பெயர் வாரந்தோறும் செய்தித்தாள்களில் அச்சாகிவந்தது. செவியா அடங்கிய ஆண்டலூசிய வட்டார அரசில் பண்பாட்டுத் துறைப் பொறுப்பு வகித்த புவியியலாளர் ஹுவான் மனுவேல் சுவாரெஸ் ஹபோனுக்கு அது தாய்வழிப் பெயர். சிற்றூரில் உறவுக்குள் மணம் நடப்பதும் உண்டு என்பதால் 'ஹபோன் ஹபோன்' என்று இரட்டிப்பாகப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். புள்ளியியல் நிறுவனம் இந்த மூன்று வகையையும் தனித்தனியே எண்ணிக் காட்டுவது இதற்காகத்தான். மூன்றையும் கவனியாமல் ஓர் எண்ணை மட்டும் எடுத்து 'இத்தனை ஹபோன்கள்' என்று எழுதும் கட்டுரைகள் ஒன்றோடொன்று முரண்படுவதில் வியப்பில்லை.

இந்த ஒழுங்கு பழைமையானதன்று என்பதே முக்கியம். அரசுக் குடிப்பதிவேடு 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட பிறகுதான் இரு பெயர் முறை எல்லாருக்கும் இறுகியது. 17ஆம் நூற்றாண்டில் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த அண்ணன் ஒரு பெயரையும் தங்கை வேறொரு பெயரையும் தாங்கலாம்; பாட்டியின் பெயரைப் பேரன் எடுத்துக்கொள்ளலாம்; திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோராக நின்றவரின் பெயரும் ஒட்டிக்கொள்ளலாம்; ஜப்பானியர் ஒருவர் வீட்டில் வளர்ந்த அல்லது வேலை செய்த பிள்ளையை ஊரார் அவர் பெயராலேயே அழைக்கலாம். அதனால் ஒரு பெயர் இன்றுவரை வந்து சேர்ந்ததை, தந்தையிலிருந்து மகனுக்கு இடைவிடாமல் குருதி ஓடிவந்ததற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. கோரியாவின் பதிவேடுகளில் பெயர் பெண்வழியாக இறங்கியிருக்கும் இடமெல்லாம், ஆண்வழித் தொடர் அறுந்த இடம்.

மரபணுச் சோதனை பற்றிப் பேசும்போது இது நினைவில் இருக்க வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டளவில் கோரியாவின் ஹபோன்களிடம் மாதிரிகள் சேகரித்தார்கள். இத்தகைய சோதனையில் தேடத்தக்கது ஆணிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம். ஜப்பானியருக்கே பெரிதும் உரிய வகைகள் அதில் உண்டு. ஸ்பானியக் கிராமத்து ஆண் ஒருவரிடம் அவை தென்பட்டால் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஆனால் தென்படாவிட்டால், நான்கு நூற்றாண்டில் ஏதோ ஒரு தலைமுறையில் பெயர் பெண்வழியாகவோ வேறு வழியிலோ வந்திருக்கலாம் என்று மட்டுமே பொருள். ஜப்பானிய மூதாதை இல்லை என்று பொருளன்று. பிற குரோமோசோம்களில் தேடுவது இன்னும் கடினம். நானூறு ஆண்டு என்பது ஏறத்தாழப் பதின்மூன்று தலைமுறை. பதின்மூன்று தலைமுறைக்கு முன் ஒருவருக்கு மூதாதையர் இடங்கள் 8,192. அவற்றில் ஓரிடத்தை ஒரு ஜப்பானியர் நிரப்பியிருந்தால், அவரிடமிருந்து இன்றைய பேரனுக்கு ஒரு துணுக்குகூட வந்து சேராமல் இருக்கலாம். ஆகவே கண்களின் சாய்வைப் பார்த்துச் சாமுராய் முகம் என்று வியப்பதில் பொருளில்லை. குழந்தைகளின் முதுகடியில் காணும் நீலநிற மச்சத்தைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அது ஆசியக் குழந்தைகளிடம் மிகுதி என்பது உண்மைதான், ஆனால் மத்தியதரைக்கடல் நாட்டுக் குழந்தைகளிடமும் காணப்படுவதால் அதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய இயலாது.

ஒரே ஊரில் இவ்வளவு திரட்சி ஏன் என்பதற்கு விடை கணிதத்தில் பாதியும் புவியியலில் பாதியும் இருக்கிறது. மிகச் சிலரோடு தொடங்கும் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் சில தலைமுறைகளில் அழிந்துவிடும் என்பதைப் பிரான்சிஸ் கால்ட்டனும் ஹென்றி வாட்சனும் 1874இலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். பெண்மக்களே பிறந்த வீட்டிலும், பிள்ளையில்லாத வீட்டிலும் பெயர் நின்றுபோகும். தொடக்கத்தில் தப்பிப் பிழைத்த பெயரோ பிறகு வேகமாகப் பெருகும். எனவே இன்று சில நூறு பேர் இருக்கிறார்கள் என்பதால் அன்று பலர் தங்கியிருக்க வேண்டும் என்று கொள்ளத் தேவையில்லை. ஒன்றிரண்டு குடும்பங்களே போதும். மற்றப் பாதிக்குக் குவாதல்கிவீர் ஆறுதான் காரணம். செவியா நகருக்குக் கீழே கடல் வரைக்கும் குவாதல்கிவீரின் மேல் இன்றும் பாலம் கிடையாது. கோரியாவில் ஆற்றைக் கடக்கப் படகுத்துறைதான். ஆற்று மீனையும் அக்கம்பக்கத்து நிலத்தையும் நம்பி வாழ்ந்த மக்கள் உள்ளூரிலும் அடுத்த ஊரிலும் பெண் எடுத்துக் கொடுத்தார்கள். பெயரும் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. இதே காலத்தில் மெக்சிகோவின் குவாதலஹாராவில் குடியேறிய ஜப்பானியர்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்களில் ஹுவான் தே பாயெஸ் என்பவர் பெருவணிகராகவும் பேராலயத்தின் நிதிப் பொறுப்பாளராகவும் உயர்ந்தார். அவர் பெயரில் ஜப்பானின் சாயலே இல்லை. அவர் வழிவந்தவர்களைப் பெயரை வைத்து இன்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்பெயினைத் தாண்டிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தென் எக்குவடோரின் லோஹா மாகாணத்தில் சரகுரோ என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடையே ஹபோன் என்பது மிகப் பரவலான குடும்பப்பெயர். ஆந்தீசு மலைநாட்டில் குடியேற்றக் காலத்தில் பெயர்கள் பல வழிகளில் வந்தன: உள்ளூர் மொழிச் சொற்களை ஸ்பானியக் காதுக்கு ஏற்ப எழுதிவைத்தார்கள், பாதிரியார்கள் கொடுத்த பெயரை ஏற்றார்கள், நில உடைமையாளர் பெயரைத் தாங்கினார்கள். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டு இரு கண்டங்களில் இருப்பதால் இரண்டும் ஒரே வேரைச் சேர்ந்தவை என்று கொள்ளக்கூடாது. இப்படி வெவ்வேறிடங்களில் தனித்தனியே தோன்றி ஒன்றுபோல் தெரியும் பெயர்கள்தாம் குடும்பப்பெயர் ஆய்வில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகின்றன.

இதனால் ஸ்பெயினின் வரைபடத்தைப் படிப்பதும் சிக்கலாகிவிட்டது. 1990களின் இறுதியிலிருந்து எக்குவடோர் மக்கள் பெருமளவில் ஸ்பெயினுக்கு வேலை தேடி வந்தார்கள். அவர்களில் சரகுரோக்களும் இருந்தார்கள், சிலர் அல்மெரியா மாகாணத்தின் வேரா ஊரில் குடியமர்ந்தார்கள். லத்தீன் அமெரிக்கர்கள் ஸ்பெயினில் சட்டப்படி இரண்டு ஆண்டு வாழ்ந்தாலே குடியுரிமை கோரலாம்; பெயர் முறையும் இரு நாட்டுக்கும் ஒன்றே. எனவே செவியாவுக்கு வெளியே ஒரு மாகாணம் இலேசாக நிறமேறியிருப்பதைக் கண்டு, கோரியாவிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் என்று உடனே எண்ணிவிடக் கூடாது. அவர்கள் பிறந்த இடத்தையும் பார்த்தாக வேண்டும். நாடு முழுவதிலும் 20 பேருக்குக் குறைவாக உள்ள பெயர்களையும், ஒரு மாகாணத்தில் 5 பேருக்குக் குறைவாக உள்ள எண்ணிக்கையையும் புள்ளியியல் நிறுவனம் வெளியிடுவதில்லை என்பதால், வரைபடத்தில் வெளிறிய மாகாணம் ஆளே இல்லாத மாகாணமும் அன்று.

கோரியாக்காரர்கள் தங்கள் பெயரின் கதையை நீண்ட காலம் பெரிதாக எண்ணியதில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது ஊரின் பெருமையாயிற்று. 1992இல் ஆற்றங்கரைப் பூங்காவில் ஹசெகுராவின் சிலை நிறுவப்பட்டது. 2013 ஜூனில் அப்போது பட்டத்து இளவரசராக இருந்த நருஹித்தோ அங்கு வந்து செர்ரிக் கன்று ஒன்றை நட்டார். இப்பெருமை வெறும் அலங்காரமாக நிற்கவில்லை என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். இரு பெயர்களின் வரிசையைப் பெற்றோர் உடன்பாட்டால் மாற்றிக்கொள்ள 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. 2017 ஜூன் முதல் தந்தை பெயருக்கு இருந்த இயல்பு முன்னுரிமையும் நீங்கி, குழந்தையைப் பதியும்போதே எது முதலில் என்று பெற்றோர் சொல்லியாக வேண்டும் என்றாயிற்று. அதற்கு முன்பெல்லாம் ஹபோன் என்ற பெண்ணின் பேரப்பிள்ளைகளிடம், அவள் மகன் வழியானாலும் மகள் வழியானாலும், அப்பெயர் பொதுவாக மறைந்துவிடும். இனி கோரியாவில் அப்பெயர் பெருகுமா சுருங்குமா என்பதைப் பதிவு அலுவலகத்தில் படிவம் நிரப்பும் பெற்றோர்கள்தாம் முடிவு செய்வார்கள்.